கொடுமணல்: ஒரு பழைய சந்தையூரும் அதன் வணிகரும்

மகாவீரர் ஜெயந்தி விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் என் இல்லத்திற்கு வந்தபோது, ‘சமணம் வளர்த்த மன்னர்கள்’ என்னும் தலைப்பினை அவர்களே குறித்துக்கொண்டு வந்திருந்தனர். அத்தலைப்பில் எழுதுவது எளிது. நெடுஞ்செழியன், செல்லிரும்பொறை எனப் பெயர்களை நிரல்படுத்தினால் பாதிக் கட்டுரை முடிந்துவிடும். தமிழாசிரியனாக வகுப்பறையில் நின்ற ஆண்டுகளெல்லாம் நான் செய்ததும் அதுவே. ஆயினும், குகைத்தளங்களில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுகளை ஓய்வுக்காலத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கிய பின்னர், அங்கே மன்னர் சிலராகவும் கடைக்காரர் பலராகவும் இருப்பதைக் கண்டேன். உப்பு விற்றவர் இருக்கிறார்; துணி விற்றவர் இருக்கிறார்; ஏர்க்கொழு விற்றவரும் இருக்கிறார். ஆகவே, அவர்களைப் பற்றி எழுத இசைவு கேட்டேன். குழுவினர் சற்றே தயங்கினர். “அப்படியானால் நம் சமண வணிகர் பெருமை என்று தலைப்பிடலாமே” என்றார் ஒருவர். அத்தலைப்பை ஏன் ஏற்கவில்லை என்பதற்கும் இக்கட்டுரையில் விடை உண்டு.

கடைக்காரரைப் பற்றிப் பேசுமுன் கடைகள் இருந்த ஊர் ஒன்றைக் காண வேண்டும். கொங்கு நாட்டினனாகிய எனக்கு அவ்வூர் அருகிலேயே வாய்த்தது. ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், நொய்யலாற்றின் வடகரையில் உள்ளது கொடுமணல். இன்று அது சிற்றூர். பேருந்திலிருந்து இறங்குவோர்க்கு வயலும், பனையும், மேய்ச்சல் நிலமும், ஆங்காங்கே வட்டமாக நட்ட கற்களுமே தென்படும். ஆனால், சேரர் தலைநகராகிய கருவூரிலிருந்து மேற்குக் கடற்கரை முசிறிக்குச் செல்லும் பெருவழியில், பாலக்காட்டுக் கணவாயை நோக்கி நடப்போர் தங்கிச் செல்லும் இடத்தில் இவ்வூர் அமைந்திருந்தது. பெருவழியும் ஆறும் அடுத்தடுத்து இருக்க, கூப்பிடு தூரத்தில் இரும்பும் மணிக்கற்களும் கிடைத்தால், அங்கே ஒரு சந்தை தோன்றாமல் இராது.

பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் என்று வழங்குகிறது. ஏழாம் பத்தில் கபிலரும் எட்டாம் பத்தில் அரிசில்கிழாரும் அதன் பெயரைச் சுட்டுகின்றனர். இருவரும் அங்கு உண்டான அரிய அணிகலன்களையே நினைவுகூர்கின்றனர். வேலைப்பாட்டில் சிறந்த நகை என்றால் அக்காலத்தவர்க்குக் கொடுமணம் நினைவுக்கு வந்திருக்கிறது. இக்காலத்தில் போர்வை என்றதும் சென்னிமலை நினைவுக்கு வருவது போல. இவ்வரிகளை நான் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ‘கொடுமணம் என்பது ஓர் ஊர்’ என்று ஒரு சொல்லில் உரை கூறிக் கடந்தும் இருக்கிறேன். அவ்வூர் எங்கள் வட்டாரத்திலேயே மண்ணுக்கடியில் கிடக்கிறது என்பதை அறியாமலே பல ஆண்டுகள் கற்பித்ததை எண்ணினால் இன்றும் கூச்சமாக உள்ளது.

1985 முதல் பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. இராஜன் ஆகியோர் பங்கேற்ற அகழாய்வுகள் பல பருவங்களில் இங்கே நிகழ்ந்தன. மக்கள் வாழ்ந்த பகுதி ஏறத்தாழ 50 ஏக்கர்; இறந்தோரை அடக்கம் செய்த பகுதி அதனினும் பெரிது, ஏறத்தாழ 100 ஏக்கர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவிலேயே இவ்வூர் தழைத்திருந்தது என்பது அகழ்ந்தோர் கருத்து.

பட்டறைகள்

அகழ்ந்தெடுத்த பொருள்களுள் என் மனத்தைக் கவர்ந்தவை முழுமையான நகைகள் அல்ல; அரைகுறையாக நின்றுவிட்ட மணிகளே. உடைத்த கல், வடிவம் கொடுத்த கல், தேய்த்த கல், துளையிடத் தொடங்கிப் பாதியில் விட்ட கல், துளையிடும்போது பிளந்துபோன கல் என ஒவ்வொரு நிலையிலும் மணிகள் கிடைத்துள்ளன. முடிந்த மணி வேற்றூரிலிருந்தும் வந்திருக்கலாம். முடியாத மணி அவ்விடத்திலேயே ஒருவர் அமர்ந்து வேலை செய்தார் என்பதற்குச் சான்று. பளிங்கு, நீலம், செவ்வந்திக்கல், பச்சை வண்ண பெரில், அகேட், சூதுபவளம் எனப் பலவகைக் கற்கள் அங்கே கையாளப்பட்டன. பெரில் கல்லுக்குக் காங்கேயத்தை அடுத்த படியூர் பெயர் பெற்றது. அங்கே 1819-20ஆம் ஆண்டுகளிலும் சுரங்கம் தோண்டி எடுத்திருக்கின்றனர். சூதுபவளம் நம் நாட்டுக் கல் அன்று; குசராத்துப் பகுதியிலிருந்து வந்தது. லாபிஸ் லசூலி என்னும் ஆழ்நீலக் கல்லோ ஆப்கானிஸ்தானத்து மலைகளுக்குரியது. அவை கொடுமணலை வந்தடைவதற்குள் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை மொழிகளில் விலை பேசப்பட்டிருக்கும்!

மணி செய்யும் வேலை விரைந்து முடியக்கூடியதன்று. முதலில் கல்லைச் சிறு சுத்தியால் தட்டிப் பிளக்க வேண்டும். ஓரங்களைச் செதுக்கி உருட்ட வேண்டும். கற்பலகையில் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். பின்னர், வில்லின் நாணைச் சுற்றிக் கட்டிய துளையூசியை முன்னும் பின்னும் சுழற்றி, ஒரு பக்கமாகப் பாதியளவும் மறுபக்கமாகப் பாதியளவும் துளையிட வேண்டும். இரு துளைகளும் நடுவில் சந்திக்கவில்லையெனில் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். பாதியில் பிளந்த மணியை எறிந்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தவரின் பெருமூச்சைக் காலம் காத்து வைக்கவில்லை. அந்தக் கல்லை மட்டும் காத்து வைத்திருக்கிறது. கல்லறை ஒன்றில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. அவற்றை அணிந்தவர் எவர் என்பதே அறிஞர் பலரும் எழுப்பும் வினா. எத்தனை பேர், எத்தனை மாதம் அமர்ந்து அவற்றைத் துளையிட்டிருப்பர் என்பது என் வினா.

மணிப்பட்டறைகளோடு உலைக்களங்களும் இருந்தன. நடுவில் பெரிய உலையும் அதனைச் சூழ்ந்து 12 சிறிய உலைகளும் அமைந்த இடம் ஒன்று கண்டறியப்பட்டது. துருத்திக் குழல்களும், இரும்புக் கிட்டமும், எஃகு உருக்கப் பயன்பட்ட மண்குகைகளும் கிடைத்தன. இரும்புத்தாது சென்னிமலைப் பக்கத்தில் கிடைப்பது. இவையன்றிச் சங்கை அறுத்து வளையல் செய்த கழிவுகளும், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகளும் கிடைத்துள்ளன. கடல் எட்டாத ஊரில் சங்கறுத்தோர் இருந்தனர் என்றால், சங்கினைச் சுமந்து வந்து விற்றோரும் இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கொண்டு அவ்வூரின் ஒரு காலைப்பொழுதை ஓரளவு உய்த்துணரலாம். உலைக்களம் காற்று வீசும் திசைக்கு ஏற்ப ஊரின் ஓரத்தே இருந்திருக்கும். மணி தேய்க்கும் ஓசை ஒரு தெருவிலும் துருத்தியின் ஓசை மறுதெருவிலும் கேட்டிருக்கும். நீர் நொய்யலில்தான். பெருவழியில் வந்த வணிகர் கூட்டம் ஆற்றங்கரையில் பொதி இறக்கும்போது அரிசி, உப்பு, எண்ணெய், பானை விற்போர்க்கு அன்றைய வாணிகம் நடந்திருக்கும். மணியும் எஃகும் கப்பலேறி அயல்நாடு சென்ற செய்தியையே நாம் பெருமையாகப் பேசுகிறோம். அவற்றைச் செய்தவர்க்குக் கஞ்சி காய்ச்ச உப்பு விற்றவரைப் பேசுவதில்லை. ஓர் ஊரைச் சந்தையூராக நிறுத்துபவர் இரண்டாமவரே என்பது என் எண்ணம்.

அந்த நொய்யல் இன்று எவ்வாறு உள்ளது என்பதை இம்மலரைப் படிக்கும் கொங்கு நாட்டவர்க்கு நான் கூற வேண்டியதில்லை. சாயக்கழிவு கலந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதனால் வயல்கள் பாழ்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். ஒரு தொழில் ஆற்றோரம் வளர்வதும், அத்தொழிலாலேயே ஆறு மடிவதும் நம் தலைமுறையில் நிகழ்ந்துவிட்டன. அது வேறு கட்டுரைக்குரியது.

பானையோட்டில் பெயர்கள்

கொடுமணல் மண்ணில் நூற்றுக்கணக்கான பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். ஆதன், சாத்தன், கண்ணன், சம்பன், சுமணன், விசாகி எனத் தமிழ்ப் பெயரும் வடபுலப் பெயரும் கலந்து வருகின்றன. வடநாட்டிலிருந்து கல்லோடு கைவினைஞரும் வந்து தங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவதற்கு இக்கலப்பும் ஒரு காரணம். இது என் பானை, இதை எடுக்காதே என்பதற்காகத்தான் பெயர் கீறியிருப்பர். எவர் ஆணையும் இன்றி, எவர் பெருமைக்காகவும் அன்றி, பானைக்குரியவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டனர். எழுத்தறிவு அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுமணன் என்னும் பெயரைக் கண்டதும் ‘சமணன்’ என்று படித்து மகிழ்ந்த அன்பர்கள் உண்டு. அது பிழை. சுமணன் என்பது நல்ல மனமுடையவன் எனப் பொருள்படும் பாகதப் பெயர்; பிற சமயத்தாரும் தாங்கிய பெயர். நமக்கு உவப்பானதைக் கல்லிலும் ஓட்டிலும் ஏற்றிப் படித்தால், நாளை மற்றொருவர் தமக்கு உவப்பானதை ஏற்றிப் படிப்பார். அப்போது மறுக்க நமக்கு வாயிராது.

ஓடு ஒன்றில் ‘நிகம’ என்னும் சொல் காணப்படுகிறது. நிகமம் என்பது வணிகர் குழுவையும், வணிகர் கூடிய ஊரையும் குறிக்கும் பாகதச் சொல். மதுரைக்கு அருகே மாங்குளம் குகைத்தளக் கல்வெட்டிலும் ‘வெள்ளறை நிகமத்தோர்’ என இச்சொல் வருகிறது. 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த அக்கல்வெட்டுத் தொகுதி கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பர் ஐராவதம் மகாதேவன். கணி நந்தாசிரியன் என்னும் முனிவருக்கு நெடுஞ்செழியனைச் சார்ந்தோர் அளித்த கொடை அதே தளத்தில்தான் உள்ளது. அரசனைச் சார்ந்தோரும் வணிகர் குழுவினரும் ஒரே குன்றில், ஒரே எழுத்தில், பக்கத்துப் பக்கத்துப் பாறையில் தம் கொடையைப் பொறித்திருக்கின்றனர். நிகமம் என்பது வெறுங்கூட்டம் அன்று. பொதுவில் பணம் திரட்டவும், பொதுவில் பெயர் பொறிக்கவும் வல்ல அமைப்பு என்பது இதனால் தெளிவாகும். கொடுமணலிலும் அத்தகைய அமைப்பொன்று இருந்திருக்கலாம் என எண்ண அந்த ஓர் ஓடு இடந்தருகிறது. அதற்கு மேல் அந்த ஓட்டினைச் சான்றுக்கு இழுக்க நான் துணியேன்.

கொடுமணல் ஓடுகளில் ஒரு குறை உண்டு. பெயரைச் சொல்கின்றன, தொழிலைச் சொல்லவில்லை. சாத்தன் மணி துளைத்தானா, உலை ஊதினானா, உப்பு விற்றானா என்பது தெரியவில்லை. வணிகர் தம் பெயரோடு தம் கடையையும் சேர்த்துச் சொல்லும் இடத்தைத் தேடினால், பாண்டிய நாட்டுக் குகைத்தளங்களுக்கே செல்ல வேண்டியுள்ளது.

அழகர்மலையில் ஒரு கடைவீதி

மதுரைக்கு வடகிழக்கே, அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டியை ஒட்டிய இயற்கைக் குகைத்தளத்தில் முனிவர்க்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்புப் பாறையில் காடி வெட்டி, அதன் அருகே கொடையளித்தோர் பெயர்களைப் பொறித்துள்ளனர். அப்பெயர்களை வரிசையாகப் படித்தால் கல்வெட்டுப் படிப்பது போலத் தோன்றாது. மதுரைக் கடைவீதியில் நடப்பது போலவே தோன்றும். பொன் கொல்வன் ஆதன் அதன். உப்பு வாணிகன் வியக்கன். பணித வாணிகன் நெடுமலன். கொழு வாணிகன் இளஞ்சந்தன். அறுவை வாணிகன் இளவடன். பணிதம் என்பது வெல்லப்பாகு, சருக்கரை முதலியவற்றைக் குறிக்கும் பாகதச் சொல். அறுவை என்பது துணி; அறுத்து விற்பதால் வந்த பெயர்.

உப்பு வாணிகன் வியக்கனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சங்கப் பாடல்களில் நாம் காணும் உப்பு விற்போர் உமணர். அவர்கள் மாட்டு வண்டியில் உப்பேற்றி, குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று, உப்புக்கு நெல்லை மாற்றிக் கொள்பவர். மேடேறும்போது அச்சு முறிந்தால் உதவுமென்று வேறோர் அச்சினையும் வண்டியில் கட்டிச் செல்லும் முன்யோசனை உடையவர். வியக்கன் தன்னை உமணன் என்று சொல்லவில்லை. வாணிகன் என்றே பொறித்துக்கொண்டான். உமணர் கொண்டுவந்த உப்பை மொத்தமாக வாங்கி, நகரத்தில் ஓரிடத்தில் இருந்து விற்றவனாக அவன் இருக்கலாம். வண்டியில் வரும் உப்பு, கடையில் விற்கும் உப்பு என அத்தொழில் இரண்டாகப் பிரிந்துவிட்ட ஒரு காலத்தை அவ்வொரு சொல் காட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பொன் கொல்வன் ஆதன் அதனைப் பற்றியும் ஒரு சொல். மதுரைப் பொற்கொல்லன் என்றாலே கோவலன் கதையில் வரும் வஞ்சகனே நம் நினைவில் எழுகிறான். சமணத் துறவி எனப் போற்றப்படும் இளங்கோவடிகள் பெயரிடாது விட்ட அப்பாத்திரம் ஒரு தொழிலார் முழுமைக்கும் பழியாய் நின்றுவிட்டது. பெயரோடு நமக்குக் கிடைத்துள்ள மதுரைப் பொற்கொல்லனோ, முனிவர் தலைசாய்க்கக் கல்லைச் செப்பனிட்டுக் கொடுத்தவன். சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பெயரையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமென்பது என் விருப்பம்.

இவர்களெல்லாம் சமணரா? மலர்க்குழு அன்பரின் தலைப்பை ஏற்க எனக்குத் தடையாக நின்றது இவ்வினாவே. கொடை பெற்றோர் சமண முனிவர் என்பதில் அறிஞரிடையே பெரிதும் உடன்பாடு உண்டு. கொடை கொடுத்தோர் எச்சமயத்தார் என்பதைக் கல்வெட்டுகள் சொல்லவில்லை. மழைக்கால நான்கு மாதமும் முனிவர் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது நம் அறநெறி விதி. ஈரமண்ணில் எழும் சிற்றுயிர்களை மிதித்து நடக்கலாகாது என்பதே அதன் காரணம். அந்நான்கு மாதமும் அவர்க்குக் கூரையும் உணவும் வேண்டும். பெருவழியை அடுத்த குன்றில் குகையும், நடந்து எட்டும் தொலைவில் ஊரும் வேண்டும். அவ்வூரில் கடை வைத்திருந்தவன், தன் சமயம் எதுவாயினும், மழைக்காலத்தில் அண்டைக் குன்றில் தங்கிய துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கலாம். இன்றும் நம் ஊர்களில் ஒரு சமயத்தார் விழாவுக்கு மற்றொரு சமயத்துக் கடைக்காரர் பந்தல் செலவு ஏற்பதைக் காண்கிறோம். எல்லாரையும் நம்மவர் என்று உரிமை கொண்டாடினால் அந்தப் பெருந்தன்மை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மற்றொன்றும் உண்டு. சமணர் என்றாலே வணிகர் என்னும் எண்ணம் வெளியாரிடம் மட்டுமின்றி நம்மிடமும் ஊறிவிட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் மாவட்டத்து நயினார் குடும்பங்களுள் மிகப் பலர் வழிவழியாக ஏர் பிடித்தவர். கொழு வாணிகன் இளஞ்சந்தனுக்கு வாடிக்கையாளராக இருந்திருக்கத் தக்கவர் அவரே. ஏர்க்கொழு மண்ணைக் கீறும். மண்ணிலுள்ள உயிர் சாகும். முனிவர்க்கு அது உடன்பாடன்று. இருந்தும் கொழு விற்றவன் தந்த படுக்கையில் அவர் துயின்றார். முனிவர்க்கு மாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்று நூல்கள் இரண்டாக வகுத்ததன் பொருள் எனக்கு அக்கற்படுக்கையின் முன் நின்றபோதுதான் விளங்கியது.

அளவையும் நம்பிக்கையும்

மீண்டும் கொங்கு நாட்டுக்கு வருவோம். கருவூரை அடுத்த புகழூரில், ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதுமுனிவர்க்கு இளங்கடுங்கோ இளங்கோவாகப் பொறுப்பேற்றபோது வெட்டிய உறையுள் உள்ளது. அக்கல்வெட்டில் வரும் கோ ஆதன் செல்லிரும்பொறையும் அவன் மகன் பெருங்கடுங்கோவும் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம் பத்துகளின் தலைவரே என்பது அறிஞர் பலர் துணிபு. அதாவது, கொடுமணத்து அணிகலனைப் பாடிய பத்துகளுக்குரிய அரசரே முனிவர்க்குக் குகை வெட்டிய குடியினர். அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பானின் கொடையும் உண்டு. நல்லியூரைச் சேர்ந்த கீரன் கொற்றி முதலான பெண்டிர் பெயரும் உண்டு. கொடுமணல் மணியைப் பொன்னில் பதித்து விற்றவருள் நத்தியும் ஒருவனாக இருக்கலாகாதா என்று ஒரு கணம் மனம் ஆசைப்படுகிறது. சான்று இல்லை, ஆதலின் ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பொன்னும் மணியும் விற்கும் ஊரில் போலியும் விற்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானிய அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் இறுதிப் பகுதியில் இந்திய பெரில் கற்களைப் புகழ்கிறார்; நீண்ட வடிவினவற்றை இந்தியர் விரும்புவதாகவும், யானைமயிரில் கோத்து அணிவதாகவும் எழுதுகிறார். அத்தோடு, பளிங்குக்கு வண்ணமேற்றிப் பெரில் முதலிய மணிகளைப் போல விற்கும் வித்தையையும் இந்தியர் கண்டறிந்துள்ளனர் என்கிறார். புகழ்ச்சியை மேற்கோள் காட்டுவோர் இச்செய்தியை விட்டுவிடுவது வழக்கம். நான் விட விரும்பவில்லை. பளிங்கு மலிந்த கொங்கு நாட்டில் அவ்வித்தை எவருக்கும் தெரியாதிருந்தது என்று எப்படிச் சொல்வது?

இல்லறத்தார்க்குரிய கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து வழுக்களைச் சமணநூல்கள் கூறும். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் அவற்றை நிரலாகக் காட்டும். அதன் வழிவந்த அருங்கலச்செப்பினைத் தமிழ்ச் சமண இல்லங்களில் ஓதுவர். திருடத் தூண்டுதல், திருட்டுப்பொருளை வாங்குதல், அரசு முறையை மீறுதல் ஆகிய மூன்றோடு, ஒத்த பொருளைக் கலப்படம் செய்தலும், கொள்ளும்போது ஓரளவும் கொடுக்கும்போது ஓரளவுமாகக் கள்ளப்படி பிடித்தலும் அந்த ஐந்தில் அடங்கும். இவற்றுள் பின்னிரண்டும் காட்டில் வாழும் துறவிக்குச் சொன்னவை அல்ல. கடையில் தராசு பிடித்தவனுக்கே சொன்னவை. இளங்கோவடிகளும் மதுரை வீதிகளைக் காட்டும்போது மணிகளின் குற்றங்களை அறிந்து விலை மதிப்போரையும், கூலவீதியில் துலாக்கோலும் பறையும் அம்பணமும் ஏந்தித் திரிவோரையும் மறவாமல் காட்டுகிறார். சந்தையூரின் உயிர் அதன் அளவையில் இருந்தது.

எங்கள் பாட்டனார் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தபோது, பழைய படிக்கற்களைத் தூக்கி எறிய மனமின்றிப் பரணில் வைத்திருந்தார். சிறுவயதில் நான் அவற்றை உருட்டி விளையாடியதுண்டு. புதிய எடைக்கு மாறிய நாள்களில், வாங்க வந்தோர் தம் கையால் தூக்கிப் பார்த்து ஐயத்தோடு சென்றதை அவர் சொல்லுவார். “கல்லை நம்பி எவரும் வரவில்லை, என்னை நம்பித்தான் வந்தார்கள், கல் மாறியதும் என்னையே சந்தேகித்தார்கள்” என்பார். கடன் கணக்கு எழுதிய பேரேடு செல்லரித்துப் போயிற்று. அந்தக் கடையின் பெயரை இன்று அறிந்தோர் எங்கள் குடும்பத்தில் நால்வர் இருப்பர்.

அளவையை நம்பித் தொழில் செய்தவன் ஒருவனின் பெயரோடு இதனை நிறுத்த எண்ணுகிறேன். சென்னிமலையைத் தாண்டிக் கிழக்கே சென்றால் அறச்சலூர். அங்குள்ள நாகமலைக் குகைத்தளத்தில் முனிவர்க்கான கற்படுக்கைகளும், புலவர் செ. இராசு கண்டறிந்து உலகறியச் செய்த கல்வெட்டும் உள்ளன. ஐந்துக்கு ஐந்து கட்டங்களாக த, தா, தை, தே என்னும் எழுத்துகள் அடுக்கப்பட்டுள்ளன. அவை ஆடலுக்குரிய அடைவுச் சொற்கள் என்பர். நெடுக்காகப் படித்தாலும் குறுக்காகப் படித்தாலும் ஒன்றாகவே வரும். அருகே, இவ்வெழுத்துகளைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பொறித்துள்ளது. வண்ணக்கன் என்பவன் பொன், நாணயம், மணி ஆகியவற்றின் தரம் பார்த்துச் சொல்பவன். போலிப் பளிங்கையும் மெய்யான பெரிலையும் பிரித்துக் கொடுத்தவன். எழுத்தமைதியைக் கொண்டு இது கி.பி. நான்காம் நூற்றாண்டினது என்பர். அப்போது கொடுமணலின் உலைகள் பெரும்பாலும் அணைந்திருக்கும். ஆயினும் மணியின் தரம் பார்க்கும் தொழில் இவ்வட்டாரத்தில் அணையவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு அம்மலைக்குச் சென்றேன். ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பரதம் பயின்ற மாணவி ஒருத்தி பாறையின் முன் அமர்ந்து, நான் படித்துக் காட்டிய எழுத்துகளைத் தன் தொடையில் தாளமிட்டுச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை சொல்லும்போது மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். கல்வெட்டில் எந்த அரசன் பெயர் உள்ளது என்று ஒரு மாணவன் கேட்டான். அரசன் பெயர் இல்லை, ஊரில் மணிக்கல்லைச் சோதித்துப் பார்ப்பவரின் பெயர் இருக்கிறது என்றேன். “அவருக்கு எதுக்குங்க ஐயா இந்த வேலை?” என்றான். கடை அடைத்த பிறகு மேலேறி வந்திருப்பார் என்று சொன்னேன். அவன் கீழே தெரிந்த அறச்சலூர்க் கடைத்தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.